மதியம் சத்துணவு, ராத்திரி இரண்டு இட்லி: பிள்ளைக்குப் போதுமா?

கேள்வி இதுதான். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு, இருவரும் படிப்பது அரசுப் பள்ளி. மதியம் முட்டையோடு சூடான சத்துணவு கிடைத்துவிடுகிறது. நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் பாட்டி டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார். அம்மா வேலை முடிந்து வர ஆறரை ஆகிறது. மதியம் வயிறாரச் சாப்பிட்ட பிள்ளைகள்தானே என்று இரவில் ஆளுக்கு இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இது போதுமா? ராத்திரியில் கீரையும் தயிரும் ஆகாது என்று பாட்டி சொல்வது சரியா?

இரவு லேசாகக் கொடுப்பது சரி. ஆனால் இரண்டு இட்லி மகனுக்கே போதாது, மகளுக்குச் சுத்தமாகப் போதாது. லேசு என்றால் எண்ணெய் குறைவு, காரம் குறைவு, மெல்லவும் செரிக்கவும் எளிது என்று பொருள். நம் வீடுகளில் அது மெதுவாக ‘கொஞ்சமாக’ என்று மாறிவிடுகிறது. இதில் இன்னொரு விஷயம், இரவுச் சாப்பாட்டைத் தீர்மானிப்பதே மாலை நாலரை மணிதான். அங்கே டீயும் பிஸ்கட்டும் இருக்கிறவரை ராத்திரி என்ன சமைத்தாலும் சரிப்படாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்பது சத்துணவின் அளவு. மத்திய அரசின் அளவுப்படி பருப்பு 20 கிராம், பெரிய வகுப்புக்கு 30. காய்கறி 50 கிராம், பெரிய வகுப்புக்கு 75. தமிழ்நாட்டில் இவற்றோடு ஒரு முட்டையும் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இவை எல்லாம் தட்டில் விழுந்து, தட்டும் காலியானால் சின்னவனுக்கு சுமார் 500 கலோரி, பெரியவளுக்கு 700 கலோரிக்குக் கொஞ்சம் மேல்.

தேவை எவ்வளவு? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அளவுகள் 7 முதல் 9 வயதுக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி என்றும், 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு 2,060 என்றும் சொல்கின்றன. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு ஆகட்டும், அதற்கும் முன்னால் 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு ஆகட்டும், ஒரு நாள் தேவை முழுவதையும் தீர்க்க வந்த திட்டங்கள் அல்ல. ஒரு வேளை வயிறு காயாமல் பார்த்துக்கொள்ள வந்தவை. ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கை அந்தத் தட்டு தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு பங்கு வீட்டின் பொறுப்பு.

சின்னவனுக்குக் காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. அதில் சுமார் 300 கலோரி. ஆக, மதியம் முடிய 800. மாலையும் இரவும் சேர்ந்து 900 கலோரி வர வேண்டும். பாதிக்கு மேல்! இரண்டு இட்லியும் சாம்பாரும் 200-ஐத் தாண்டாது.

பெரியவள் விஷயம் இன்னும் நெருக்கடி. ஆறாம் வகுப்பு ஏறியதும் பள்ளியின் காலை உணவு நின்றுவிடுகிறது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பும் பெண் பிள்ளைகள் ஏராளம். வளர்ச்சி பாய்ந்து வருகிற வயது, சிலருக்குப் பூப்பெய்தும் வயது. இரும்புச்சத்துத் தேவை அந்த வயதில் நாளுக்கு 28 மில்லிகிராமுக்கு ஏறுகிறது. எட்டு வயதுத் தம்பிக்கு 15 போதும். அவளுக்கும் தம்பிக்கும் ஒரே எண்ணிக்கையில் இட்லி வைப்பது நியாயம் போலத் தெரிந்தாலும் நியாயமில்லை.

நாலரை மணி

பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் இடையில் சாப்பிட்ட சோறு மூன்று நான்கு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். ஆகவே வீட்டு வாசலில் பையை எறியும்போது பிள்ளைக்கு இருப்பது மெய்யான பசி. அந்தப் பசிக்கு டீயும் நாலு பிஸ்கட்டும் கிடைத்தால் சர்க்கரை ஏறி அரை மணி நேரம் தெம்பாக இருக்கும். ஆறு மணிக்கு மறுபடி பசிக்கும். அப்போது கையில் அகப்படுவது பாக்கெட் சிப்ஸோ, கடைத்தெரு பஜ்ஜியோ. ஏழரைக்குத் தட்டு வைத்தால் “பசிக்கலம்மா.” ஒன்பது மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும்போது நாலு வாய் ஊட்டி முடிப்பார்கள். ‘என் பிள்ளை ராத்திரி சாப்பிடவே மாட்டேன் என்கிறான்’ என்ற புகாரில் பெரும்பாலானவை இப்படி உண்டானவைதான்.

டீயால் வேறு கேடும் உண்டு. அதிலுள்ள டானின், உணவின் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்கு டீ தேவையே இல்லை. பாட்டி சூடாக ஏதாவது கொடுத்தால்தான் திருப்திப்படுவார் என்றால் சுக்கு, மல்லி தட்டிப்போட்டுக் கருப்பட்டிப் பால் கொடுக்கட்டும்.

வந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், உண்டு. அதனால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் பசியின்மை. இரவுச் சாப்பாடு இறங்காததற்கு இந்தக் காரணத்தை யாரும் யோசிப்பதில்லை.

தண்ணீர் குடித்துக் கால் கை கழுவி வந்த பிறகு, ஐந்து மணிக்குள், இரண்டு பொருள்: ஒன்று பயறோ கடலையோ அவலோ, இன்னொன்று பால். எட்டு வயதுக்கு மொத்தம் 350 கலோரி, பன்னிரண்டு வயதுக்கு 400 வரட்டும். டியூஷன் போகும் பிள்ளை என்றால் போவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். ஐந்தரைக்குப் பிறகு கொடுத்தால் இரவுச் சாப்பாட்டைத் தின்றுவிடும்.

சுண்டல் என்றால் உலர்ந்த கொண்டைக்கடலை ஒரு பிள்ளைக்கு 25 கிராம், அதாவது நன்றாகக் குவிந்த இரண்டு மேசைக்கரண்டி. முதல் நாள் இரவே ஊறப்போட்டு எட்டு மணி நேரமாவது ஊறவேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும். உப்புப் போட்டு நான்கைந்து விசில். அரைகுறையாக வெந்த கடலைதான் வயிற்றை உப்பவைக்கும்; விரல் நடுவில் வைத்து அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் மசிய வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுத்தொல்லை குறையும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, அரைக் கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. அந்தச் சாற்றை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், கடலையிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுவது அதுதான்.

காலையிலேயே வேகவைத்து வைத்துவிட்டுப் போவதானால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நம் வெயிலில் காலை எட்டு மணிச் சுண்டல் மாலைக்குள் நூல்விடும், தேங்காய் சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டி இல்லாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் பாட்டி கொடுக்கக்கூடியதைப் பாருங்கள். கெட்டி அவல் 40 கிராம் (ஒரு பெரிய கைப்பிடி) கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, வெல்லத்தூள் இரண்டு தேக்கரண்டி, தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி, ஒரு வாழைப்பழம் பிசைந்தால் 280 கலோரிக்கு வந்துவிடும். மெல்லிய அவலை ஊறவைக்காதீர்கள், கூழாகிவிடும். தண்ணீர் தெளித்தால் போதும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியும் (25 கிராம்) கொய்யாப்பழமும் இன்னும் சுலபம். ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் முழுக்கடலை அவர்கள் கைக்குப் போகக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். அவர்களுக்குப் பொடித்தோ மசித்தோதான்.

பாலை மாலைக்கு நகர்த்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படுக்கப்போகும்போது சர்க்கரை போட்ட பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கினால் பல் சொத்தையாகும். இன்னொன்று, இரவில் கீரையோ பயறோ கொடுக்கும்போது பாலும் அருகே இருந்தால் பாலின் சுண்ணாம்புச்சத்து இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஐந்து மணிக்குப் பால், ஏழேகாலுக்குச் சாப்பாடு என்றால் இரண்டும் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கே வராது. 200 மில்லி போதும். அரை லிட்டர் குடிக்கும் பிள்ளை சோறு சாப்பிடாது.

பள்ளியில் என்ன சாப்பிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது

“சாப்பிட்டியா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் “சாப்ட்டேன்” என்றுதான் சொல்லும். “இன்னைக்கு என்ன சோறு? முட்டையில மஞ்சக்கரு தின்னியா, வச்சிட்டியா? மறுசோறு வாங்கினியா?” என்று கேளுங்கள். மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளைகள் நிறைய, கறிவேப்பிலையோடு காயையும் ஒதுக்குபவர்கள் இன்னும் நிறைய. வாரப் பட்டியல் சத்துணவுக்கூடச் சுவரிலேயே எழுதியிருக்கும். அதை ஒரு தாளில் எழுதி அடுக்களையில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இரவில் என்ன என்ற கேள்விக்கு மதியத் தட்டே விடை சொல்லும்.

தக்காளி சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம் போட்ட நாளில் தட்டில் பருப்பு கம்மி. அன்று இரவு பருப்பு கட்டாயம்: இட்லிக்குச் சட்னி போதாது, சாம்பார் வைக்க வேண்டும், அல்லது பாசிப்பருப்புப் பொங்கல். புளிப்பான மதியத்துக்குப் பிறகு இரவில் புளித்த மாவு, புளிக்குழம்பு, தக்காளிச் சட்னி என்று அடுக்கினால் சில பிள்ளைகளுக்கு நெஞ்செரிச்சல் வரும், அதைச் சொல்லத் தெரியாமல் “வயிறு வலிக்குது” என்பார்கள். சாம்பார் சாதமோ சோறும் சாம்பாருமோ கிடைத்த நாளில் பருப்பைப் பற்றிக் கவலையில்லை. இடியாப்பம் தேங்காய்ப்பால், கோதுமை தோசை காய்க் குருமா என்று போகலாம். கொண்டைக்கடலை புலாவ் நாளில் மாலையில் சுண்டலை மறந்துவிட்டு அவலுக்குப் போங்கள். உருளைக்கிழங்கு வரும் வெள்ளிக்கிழமை இரவில் மறுபடி மசால் கிழங்கு வேண்டாம். உப்புமா விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை. பள்ளியின் காலை உணவில் உப்புமா வகைகள் அடிக்கடி வருகின்றன. காலையிலும் ரவை, ராத்திரியும் ரவை என்றால் சின்னவன் தட்டைத் தள்ளுவதில் தப்பே இல்லை.

மதியத் தட்டில் எந்த நாளும் வராதவை மூன்று: பால் அல்லது தயிர், பழம் (வாழைப்பழம் வாங்கும் பிள்ளை தவிர), போதுமான கீரை. வீட்டுச் சாப்பாடு வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த மூன்றையும் கொடுத்தாக வேண்டும். முட்டையைத் தேடி இரவில் ஓட வேண்டாம், அது பள்ளியிலேயே வந்துவிடுகிறது.

இரவுத் தட்டு

ஏழு, ஏழேகால் மணிக்கு. தூங்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முடிந்தால் போதும். எட்டு வயதுக்கு 450 முதல் 500 கலோரி, பன்னிரண்டு வயதுக்கு 600. உணவாக மாற்றிச் சொன்னால் இப்படி:

வீட்டுத் தட்டில் வார்க்கும் இட்லி ஒன்று சுமார் 60 கலோரி. சின்னவனுக்கு மூன்று, பெரியவளுக்கு ஐந்து. சாம்பாருக்கு ஒரு பிள்ளைக்கு 15 கிராம் பருப்பு என்று கணக்கிட்டுப் போடுங்கள். பருப்பு அடியில் நின்று மேலே தெளிந்த நீர் ஓடும் சாம்பாரில் அந்த 15 கிராம் இருக்காது. இட்லிப்பொடி இரண்டு தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடைசியில் ஒரு சின்ன வாழைப்பழமோ கொய்யாவோ. இவ்வளவும் சேர்ந்தால்தான் சின்னவனுக்கு 440 வருகிறது. சட்னி மட்டும் வைத்த இரண்டு இட்லியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு புதன்கிழமை பெரியவர்களுக்கு ருசி, பிள்ளைகளுக்குப் புளிப்பு. பொங்கியவுடனேயே பிள்ளைகள் பங்கைத் தனி டப்பாவில் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் உள்ளே தள்ளி வைத்துவிட்டால் நான்கு நாள் புளிக்காமல் நிற்கும். வெளியே எடுத்து எடுத்து வைக்கும் பாத்திரம்தான் சீக்கிரம் புளிக்கும். வியாழன், வெள்ளி மாவுக்குத் துருவிய காரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்து ஊத்தப்பம் ஊற்றினால் புளிப்பு மறையும்.

பாசிப்பயறு தோசைக்குப் புளிக்க வைக்கும் வேலையே இல்லை. ஒரு டம்ளர் முழுப்பயறு, இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி, ஐந்து மணி நேரம் ஊறல், இஞ்சி, சீரகம், உப்போடு அரைத்து உடனே வார்க்கலாம். காலையில் ஊறப்போட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஏற்றது. வெயில் காலத்தில் ஊறல் ஏழெட்டு மணி நேரம் தாண்டினால் வாடை வந்துவிடும். அன்று மட்டும் தண்ணீரை மாற்றச் சொல்லிப் பாட்டியிடம் விட்டுப்போங்கள். சோயா, பனீர் என்று தேடிப் போகாமல் புரதம் வரும் வழி இதுதான். ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு வருகிறது. நான்கு பேர் வீட்டில் அது நாளுக்கு ஆளுக்கு 8 கிராம். அதை மட்டும் நம்பினால் சாம்பார் நிறம்தான் வரும், சத்து வராது. பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

இனி கஞ்சி. லேசான உணவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவதும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். நொய் அரிசி 30 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 15 கிராம், எட்டு மடங்கு தண்ணீர், சீரகம், நான்கு விசில், ஒரு தேக்கரண்டி நெய். பெரிய கிண்ணம் நிறைய வரும், வயிறு முட்டும். உள்ளே போனதோ 200 கலோரி. பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டால் அது தாகமாக இருக்காது. கஞ்சியை உணவாகக் கொடுப்பதானால் தண்ணீரை ஐந்து மடங்காகக் குறைத்து, அரிசி 45, பருப்பு 25 என்று கூட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நகர்ந்து விழ வேண்டும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலோ வேர்க்கடலைத் துவையலோ இருந்தால் 400-ஐ எட்டும்.

கெட்டிக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை என்று அழும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வழி: முளைகட்டிய கேழ்வரகு மாவு. கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதறிவிட்டு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கொதி அடங்கி, இன்னும் ஆவி வரும்போது, இந்த மாவில் ஒரு தேக்கரண்டியைக் கலந்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் கஞ்சி தானாக இளகிவிடும். தண்ணீர் ஊற்றாமலே! முளைக்கும்போது உண்டான அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி ஆகிறது. கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், பலன் இல்லை. வறுத்த மாவிலும் பலன் இல்லை, அதனால்தான் வறுத்து அரைத்த கடைச் சத்துமாவு இந்த வேலையைச் செய்வதில்லை. இளகியபின் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள், பச்சை மாவு வாடை போக.

சோறு ராத்திரியில் ஆகாது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 60 கிராம் அரிசியில் குழைய வடித்த சோறு, 20 கிராம் பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய், கீரையோ காயோ ஒரு கரண்டி, இதைவிட லேசான சாப்பாடு கிடையாது. ஆகாதது வேறு ஒன்று: காலை ஏழு மணிக்கு வடித்து, மூடிவைத்து, இரவு ஏழு மணிக்குச் சூடுபண்ணும் சோறு. வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் சோற்றில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை விட்டுவைக்கும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. பள்ளிச் சாப்பாட்டால் வாந்தி என்று பழிபோடும் முன் முந்தின இரவு வீட்டில் என்ன சோறு என்று பார்ப்பது நல்லது. சின்னக் குக்கரில் நூறு கிராம் அரிசி வேக இருபது நிமிடம்தான்.

கீரையும் தயிரும்

பாட்டி சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். காலையில் ஆய்ந்து மதியம் கடைந்த கீரை, குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் ராத்திரி வரை தாங்காது. மங்கலான விளக்கில் கீரை ஆய்ந்தால் புழு கண்ணில் படாது. தயிர் இரவுக்குள் புளித்துவிடும். அந்த நிலைமைக்கு அந்த விதி சரி. இன்று ஏழு மணிக்குப் புதிதாக வதக்கிய முருங்கைக்கீரையை ஏழேகாலுக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். பொரியலாகத் தட்டில் வைத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். இரண்டு கைப்பிடி முருங்கை இலையை (20 கிராம் வரும்) உருவி, சாம்பார் இறக்கும் முன் மூன்று நிமிடம் கொதிக்கவிடலாம், அல்லது பயறு தோசை மாவில் அப்படியே கலக்கலாம். பழுத்த இலையும் காம்பும் கலந்தால் கசக்கும், நாரும் தட்டுப்படும், ஒரு தடவை கசந்தால் ஒரு மாதம் தொடமாட்டார்கள். பசலைக்கீரையில், சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அதனால் அந்தக் கீரையின் சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர்வது குறைவு. அதனால் முருங்கைக்கு முதலிடம் கொடுங்கள். கீரை வைத்த நாளில் பக்கத்தில் தக்காளியோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும், தயிர் வேண்டாம். தயிர்சாதம் போடும் நாளில் கீரை வேண்டாம், காரட் துருவலும் மாதுளை முத்தும் போதும். வாரத்தில் மூன்று நாள் கீரை, இரண்டு நாள் தயிர் என்று பிரித்துக்கொண்டால் பாட்டிக்கும் இழுபறி இல்லை.

பிள்ளை சாப்பிட மறுத்தால் ஊட்டாதீர்கள். மதியம் மறுசோறு வாங்கிய நாளில் இரவு பசி குறைவது இயல்பு. ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாரத்தை மொத்தமாகப் பாருங்கள். எடை, உயரம் இரண்டும்தான் நம்பகமான சாட்சி: ஆறு முதல் பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை ஆண்டுக்கு 2 முதல் 3 கிலோ எடையும், 5 முதல் 6 செ.மீ. உயரமும் கூட வேண்டும். பள்ளி திறக்கும்போது ஒரு தடவை, பொங்கல் வாக்கில் ஒரு தடவை, அதே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். ஆறு மாதத்தில் எடை அசையவே இல்லை, கண்ணின் கீழிமை வெளுத்திருக்கிறது, பச்சை அரிசியோ சாக்பீஸோ மண்ணோ தின்கிறது என்றால் அது இரவு உணவால் சரியாகும் காரியமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச்சோகைக்குப் பார்க்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பயந்துகொண்டு தவிர்க்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் தேறாத பிள்ளைகள் பலருக்கு வயிற்றுப் புழுதான் பங்காளி.

பெரியவள் “குண்டாயிடுவேன்” என்று இரவுச் சாப்பாட்டை விடத் தொடங்கினால் அளவைக் குறைத்து இணங்கிப் போக வேண்டாம். பஜ்ஜி, பப்ஸ், குளிர்பானத்தை நிறுத்துவதில் அவளோடு கூட்டுச் சேருங்கள், ஐந்து இட்லியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்தக் கணக்கெல்லாம் பள்ளி நடக்கும் நாளுக்கு. சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை, ஏப்ரல் மே மாதங்களில் அந்த 500 கலோரியும் முட்டையும் வராது. பிள்ளைகள் எட்டரைக்கு எழுந்து, பதினொரு மணிக்கு ஏதோ தின்று, மதியத்தை ரசம் சோற்றோடு முடித்துவிடுவார்கள். அந்த நாள்களில் மதியமே ஒரு முட்டை, ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு காய் வீட்டுத் தட்டில் விழ வேண்டும். முட்டை சாப்பிடாத வீடானால் ஒரு கைப்பிடிப் பயறு. அது விழாத நாளில் இரவை லேசாக்கும் பேச்சே எடுக்காமல், அடையோ, பருப்பு போட்ட சோறோ, முழுச் சாப்பாடாகவே கொடுத்துவிடுங்கள்.